ரிட்ஜின் சொந்த மரங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

தில்லியில் வாழும் நம்மவர்களிடம் "இந்த ஊருக்கே உரிய மரம் எது?" என்று கேட்டால் பெரும்பாலோர் வேம்பு என்பார்கள். சிலர் அரசு என்பார்கள். புது தில்லியின் அகன்ற சாலைகளில் நடந்து பழகியவர்கள் நாவலையும் நீர்மருதையும் சொல்வார்கள். எல்லாம் நல்ல மரங்கள்தான். ஆனால் அந்தச் சாலை மரங்கள் தலைநகர் கட்டப்பட்டபோது அளவெடுத்து வரிசையாக நடப்பட்டவை. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே, ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாகத் தில்லிக்குள் நீளும் ரிட்ஜ் என்னும் குன்றுகளில், யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல் வளர்ந்த மரங்கள் உண்டு. அவற்றின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் தெரியாது.

நான் தாவரவியல் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து 1980-இல் ரயில்வேயில் சேர்ந்து, 38 ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து, 2018-இல் ஓய்வு பெற்றவன். டிராலியில் உட்கார்ந்து இருபுறமும் பார்த்துக்கொண்டே போகும் வேலை அது. எந்தச் செடி வடிகாலை அடைக்கிறது, எந்த வேர் மண்சரிவைத் தாங்குகிறது என்று கவனிப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் 2019 முதல் எங்கள் குடியிருப்புப் பூங்காவின் ஒரு மூலையில் நான் நடத்திவரும் நாற்றங்காலும், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு எடுக்கும் மர வகுப்பும்.

வந்தேறிய கருவேலம்

ரிட்ஜில் சுமார் 7,777 ஹெக்டேர் நிலம் 1994-இல் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. பேருந்திலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும். இறங்கி உள்ளே போனால் பெரும்பகுதி ஒரே மரம்: விலாயதி கீகர். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரனான எனக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நம் ஊர் சீமைக் கருவேலம்தான் அது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை அதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. வறண்ட நிலத்தை விரைவில் பசுமையாக்கும் என்று ஆங்கிலேயர் காலத்தில் ரிட்ஜில் விதைத்தார்கள். பசுமையாகத்தான் ஆயிற்று. கூடவே, அங்கிருந்தவற்றின் இடமும் போயிற்று.

இதன் நெற்றை ஆடும் நீல்காயும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, உரத்தோடு விதைத்த மாதிரி முளைக்கும். வெட்டினால் அடிமரத்திலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். தன் நிழலில் பிற செடிகளை அநேகமாக வளரவிடாது. நம் தமிழ்நாட்டில் இதை அகற்ற நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றதும், அந்நியக் களைத் தாவரங்களுக்கென்றே தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கை வெளியிட்டதும் வாசகர்கள் அறிந்ததே.

பெயர் தெரிந்தால் உறவு தெரியும்

என் வகுப்பில் முதல் பாடம் பெயர்தான். அதிலே நம் பிள்ளைகளுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ரிட்ஜின் சொந்த மரங்களில் பலவற்றுக்குத் தமிழில் பழம்பெயர் உண்டு.

இங்கே ஹோலிக்கு முன்னால் இலையெல்லாம் உதிர்த்து நெருப்பாய்ப் பூக்கிறதே பலாஷ், அது நம் புரசு. சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படுவது இந்த மரம்தான். ராஜஸ்தானின் மாநில மரமான கேஜ்ரி நம் வன்னி. விருத்தாசலம் கோயிலின் தலவிருட்சம் அது. 1730-இல் ஜோத்பூருக்கு அருகே கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்று சொன்னால், விருத்தாசலத்தில் வன்னியைச் சுற்றி வந்த பாட்டிமார்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள். ரோஞ்ச் என்பது நம் வெள்வேலம். அமல்தாஸ் நம் சரக்கொன்றை. பல் துலக்கும் குச்சிக்குப் பெயர்போன பீலு, சங்கப் பாடல்களில் பாலை வழியில் வரும் உகாய். பாறையில் அடர்ந்து நிற்கும் தௌ மரம், நம் ஊர் வெக்காலிக்கு நெருங்கிய உறவு.

சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு தமிழ், இந்தி, தாவரவியல் பெயர் மூன்றையும் எழுதிக்கொள்கிறார்கள். "தமிழ் நமக்கு எதுக்கு இங்கே?" என்று கேட்கும் வயதில், வீட்டு வாசலில் நிற்கும் மரத்துக்கே தமிழ்ப் பெயர் இருக்கிறது என்று கண்டுகொள்வது சிறிய விஷயம் அன்று.

விதையிலிருந்து கன்று வரை

நிற்க. பெயர் சொல்லிக் கொடுத்தால் மட்டும் காடு வராது. கடையில் கிடைக்கும் கன்றுகள் பெரும்பாலும் குல்மோகர், பாட்டில் பாம், ஃபைகஸ் வகைகள். ரிட்ஜின் மரங்கள் வேண்டுமென்றால் விதை பொறுக்கி நாமே வளர்ப்பதுதான் வழி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

புரசு நெற்று மே, ஜூனில் உதிரும். தட்டையான நெற்றில் ஒரே ஒரு விதை. அதை அடுத்த ஆண்டுக்கு என்று டப்பாவில் போட்டு வைத்தால் பலன் இல்லை, உடனே விதைக்க வேண்டும். சரக்கொன்றை விதைக்கு ஓடு கல் மாதிரி. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்தோ, கொதித்து இறக்கிய நீரில் இரவெல்லாம் ஊறவைத்தோ போட்டால்தான் முளைக்கும். வன்னி மேலே ஒரு சாண் வளருமுன் கீழே இரண்டு முழம் வேர் விடப் பார்க்கும். சிறிய பையில் வைத்தால் வேர் சுருண்டு பிற்காலத்தில் மரம் நோஞ்சானாகிவிடும். ஆகவே நீளமான பை வேண்டும். வெட்டினால் சாம்பிராணி மணக்கும் பிசின் கசியும் ஸாலை மரத்துக்குக் கிளையை ஒடித்து நட்டாலே போதும். தௌதான் பொறுமையைச் சோதிக்கும். அதன் விதைகளில் பெரும்பாலானவை உள்ளீடற்ற பதர். ஒரு பருவத்தில் தட்டு தட்டாகத் தூவியும் எங்களுக்கு ஒன்பது கன்றுகளே கிடைத்தன. அந்த ஒன்பதையும் பிள்ளைகள் தங்கம் போல் பார்த்துக்கொண்டார்கள்.

பையில் போடும் மண்ணில், அந்தந்தத் தாய்மரத்தடி மண் ஒரு கைப்பிடி சேர்க்கிறோம். வேரோடு கூடி வாழும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் அதிலே வந்துவிடும். கன்றுக்கெல்லாம் எண் பொறித்த தகரத் துண்டு கட்டி, விதை எடுத்த இடம், விதைத்த நாள், முளைத்த நாள், நட்ட நாள் என்று பதிவேடு வைத்திருக்கிறோம். ஸ்லீப்பர் கணக்கு எழுதிய கை அல்லவா! ஆனால் பதிவேட்டை எழுதுவது நான் அல்ல, பிள்ளைகள்தான். எந்தக் கன்று யார் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்கும்.

2022-இன் ஜூன் மாதம்

இந்தப் பதிவேடுதான் ஒரு சமயம் எங்களைக் காப்பாற்றியது. 2022 ஜூனில் பூங்காவை அழகுபடுத்துகிறோம் என்று ஓர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் மூலையில் தரையில் நட்டிருந்த கன்றுகள் அவர்கள் கண்ணுக்குக் களைச்செடிகள். கோடையில் புரசும் கொன்றையும் அப்படித்தான் வாடிக் குச்சியாய் நிற்கும். நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் 112 கன்றுகளைத் தரையோடு வெட்டிப் புல்தரைக்கு இடம் செய்துவிட்டார்கள். தப்பியவை பைகளில் இருந்தவை மட்டுமே.

அன்று மாலை பிள்ளைகள் அழுதார்கள் என்பதை மறைப்பானேன். கொரோனா ஆண்டுகளில் பள்ளி இல்லாமல் அடைந்து கிடந்தபோது அவர்கள் நீர் ஊற்றிய கன்றுகள் அவை. ஆனால் அழுததோடு நிற்கவில்லை. பதிவேட்டை நகலெடுத்து, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்தியில் அழகாக மனு எழுதி, பதினான்கு பேர் கையெழுத்திட்டு, அந்த அலுவலகத்துக்கே போய்க் கொடுத்தார்கள். நான் பின்னால் நின்றதோடு சரி. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, புல்தரை வேலையை அந்த மூலையில் மட்டும் நிறுத்திவைத்தார்.

ஜூலை மழை விழுந்தது. வெட்டுப்பட்ட இடங்களில் புரசு வேரிலிருந்து துளிர்த்தது. வன்னியும் துளிர்த்தது. ஆகஸ்டில் எண்ணியபோது 112-இல் 67 உயிரோடு இருந்தன. ஆயிரமாயிரம் ஆண்டு ஆட்டு வாயையும் வறட்சியையும் தாங்கிப் பழகிய இனங்கள் அவை. இப்போது அந்த மூலையில் மூன்று மொழியில் பெயர்ப்பலகை இருக்கிறது. பலகை இருந்தால் செடி, இல்லாவிட்டால் களை என்பது நகரத்தின் சட்டம் போலும்.

பெரிய அளவில் செய்தவர்கள்

நாங்கள் செய்வது அணில் வேலை. இதே வழியில் பெரிதாகச் சாதித்த இடங்கள் நமக்குப் பக்கத்திலேயே உள்ளன. குடும்பத்தோடு ஒரு நாள் போய்வரலாம்.

தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பேராசிரியர் சி.ஆர். பாபு அவர்களின் வழிகாட்டுதலில் யமுனைக் கரையிலும் வசந்த் விஹார் அருகிலும் பல்லுயிர்ப் பூங்காக்களை அமைத்தார்கள். வசந்த் விஹார் பக்கத்து ஆரவல்லிப் பூங்கா, தோண்டிப் போட்ட குழிகளும் விலாயதி கீகருமாகக் கிடந்த நிலம். அவர்கள் கீகரை ஒரேயடியாக வெட்டித் தள்ளவில்லை. மேற்கிளைகளைக் கழித்து வெளிச்சம் இறங்க வழி செய்து, அடியில் சொந்த இனங்களை நட்டார்கள். அவை எழும்ப எழும்ப, கீகர் தானே பின்வாங்குகிறது.

குருகிராமில் கல்லுடைத்துக் காலியான நிலம் ஒன்றை 2010 முதல் குடிமக்களே முன்னின்று காடாக்கினார்கள். அதற்கென்றே ஆரவல்லி இனங்களை விதையிலிருந்து வளர்க்கும் நாற்றங்கால் வைத்தார்கள். 2022-இல் நாட்டிலேயே முதன்முறையாக, சரணாலயம் அல்லாத பாதுகாப்பு நிலம் என்ற தனி அங்கீகாரம் அதற்குக் கிடைத்தது.

ஜோத்பூர் கோட்டையடியில் 70 ஹெக்டேர் பாறை நிலத்தில் ராவ் ஜோதா பூங்காவை 2006-இல் தொடங்கியவர், 'தில்லியின் மரங்கள்' என்ற நூலை எழுதிய பிரதீப் கிருஷன். பாறை இடுக்கில் வேரூன்றிய சீமைக் கருவேலத்தை என்ன செய்தும் ஒழிக்க முடியாதபோது, பரம்பரைக் கல்லுடைப்பாளர்களை அழைத்தார்கள். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டி, ஓசையைக் கேட்டே எங்கே உளி வைப்பது என்று முடிவு செய்து வேரை எடுத்தார்கள். வண்டி நின்றதும் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி விரிசலைக் கண்டுபிடித்த எங்கள் காலத்து ரயில்வே ஊழியர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். காதால் செய்யும் வேலைக்குப் பட்டம் கிடையாது.

ஒரு சிறுவனின் கேள்வி

ஒரு ஞாயிறு, மதுரைப் பக்கத்துப் பெற்றோருக்குத் தில்லியில் பிறந்த ஏழாம் வகுப்புப் பையன் என்னிடம் கேட்டான்: "தாத்தா, கீகரும் நம்மள மாதிரி வெளியூர்லேந்து வந்ததுதானே? அதை ஏன் போகச் சொல்றீங்க?"

சட்டென்று பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. வெளியூரிலிருந்து வந்தவர்களை எப்படிப் பேசுவார்கள் என்று நாம் அறியாதவர்களா? நான் அவனைப் பக்கத்துப் புளியமரத்தடிக்கு அழைத்துப் போனேன். "இதுவும் வெளியூர்தான்டா, ஆப்பிரிக்காவிலேந்து வந்தது. வந்து எத்தனையோ நூற்றாண்டு ஆச்சு. கிளி உட்காருது, அணில் ஓடுது, பக்கத்திலே வேம்பு வளருது. நம்ம சாம்பாருக்கும் ஆச்சு. வந்ததிலே தப்பே இல்லை. கீகர்கிட்ட தகராறு, அது வேற யாரையும் இருக்க விடறதில்லைங்கறதுதான்" என்றேன்.

அவன் விடவில்லை. "அப்போ அதை வெட்டினா, விறகு பொறுக்க வர்ற ஆன்ட்டிங்க என்ன பண்ணுவாங்க?" என்றான். அதுவும் நியாயம். ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பங்கள் இந்த மரத்தால் அடுப்பு மூட்டுகின்றன. இங்கும் சிலிண்டர் விலை கட்டாத வீடுகளுக்கு ரிட்ஜின் கீகர்தான் விறகு. ஆகவேதான் கிளை கழித்து, படிப்படியாக மாற்றும் முறையே எனக்குச் சரியென்று படுகிறது. கழித்த கிளை விறகாகும். காடும் மாறும்.

நாம் செய்யக்கூடியவை

மே கடைசியில் புரசு நெற்றும் வன்னி நெற்றும் உதிரத் தொடங்கும். காலை நடைக்குப் போகும் அன்பர்கள் ஒரு துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் விதை வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எந்த இடத்தில், எந்த நாளில் எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். நடுவதற்கு ஏற்ற காலம் ஜூலையில் முதல் இரண்டு நல்ல மழைக்குப் பின். பால்கனி மட்டும் உள்ளவர்கள் நீளப் பையில் ஒரு வன்னியை ஓராண்டு வளர்த்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கிருந்து விதை கொண்டுவர வேண்டாம். ரிட்ஜுக்கு ரிட்ஜின் விதையே பொருந்தும். அதற்குப் பதில், உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் குளக்கரையிலும் கோயில் காட்டிலும் நிற்கும் மரங்களின் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். பிள்ளைகளின் நோட்டில் தமிழ்ப் பத்தி இன்னும் பல இடங்களில் காலியாகவே இருக்கிறது.