ஊர் மாசை காட்டிக் கொடுக்கும் வவ்வால் எச்சம்!

நார்த்தாமலை: புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைன்னா முத்துமாரியம்மன் கோவிலும், மலை மேல இருக்கிற விஜயாலய சோழீஸ்வரமும்தான் ஞாபகத்துக்கு வரும். பாறையும் கல் குவாரியும் நிறைந்த இந்த மாவட்டத்தில் காற்று, மண், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை பழந்தின்னி வவ்வாலின் எச்சத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். சிரிப்பு வருதா? உலகம் முழுக்க விஞ்ஞானிகள் கையாளும் வழிதான் இது.

பழந்தின்னி வவ்வால் ஒரே இரவில் பல கிலோ மீட்டர் சுற்றி அத்தி, ஆலம்பழம், கொய்யா, மாம்பழம் என்று தின்னும். தின்றது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே எச்சமாக வெளியே வந்துவிடும். பழத்தில் படிந்த தூசி, அடித்த பூச்சி மருந்து, வேர் வழியாக ஏறிய ஈயம், காட்மியம் எல்லாம் அதில் தெரியும். வவ்வாலை பிடிக்கவும் வேண்டாம், கொல்லவும் வேண்டாம்.

சாயங்காலம் மரத்தடியில் பிளாஸ்டிக் சீட்டை விரிக்க வேண்டும். விடியற்காலையில் எச்சத்தை எடுத்து, காய வைத்து, பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து, கருவியில் உலோகத்தின் அளவை பார்ப்பார்கள். கிரஷர் தூசி நேராக சீட்டில் விழுந்தால் கணக்கே தப்பாகிவிடும். அதனால் பக்கத்து மண்ணையும், ரோடு இல்லாத தூரத்து ஊர் எச்சத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஜமைக்கா நாட்டு குகை ஒன்றில் சுமார் 2 மீட்டர் உயரத்துக்கு எச்சம் குவிந்து கிடந்தது. அதை அடுக்கு அடுக்காக ஆராய்ந்து, 4,300 வருடங்களில் வவ்வால்களின் தீனி மாறிய கதையை 2021ல் வெளியிட்டனர். நம்ம பக்கமும் சும்மா இல்லை. தென் இந்தியாவில் பிடித்த வவ்வாலின் உடலில் டி.டி.டி. போன்ற பூச்சி மருந்துகள் இருந்ததாக 2001ல் ஆய்வு வெளியானது. விவசாயத்துக்கு டி.டி.டி. தடை ஆனதோ 1989லேயே!

வவ்வால் தின்னும் அதே கொய்யாவைத்தான் நம்ம பிள்ளைகளும் தின்கிறார்கள். எச்சத்தை உரமாக வயலில் போடுகிறவர்களும் உண்டு. அதில் ஈயம் இருந்தால் அது மறுபடி மண்ணுக்கே போகும்.

வெறும் கையால் எச்சத்தை தொடக்கூடாது. முகக்கவசம், கையுறை அவசியம். வவ்வால் கடித்த பழத்தை தின்னவே கூடாது. கேரளாவில் 2018ல் பரவிய நிபா வைரஸ் பழந்தின்னி வவ்வாலிடம் இருப்பதுதான். அதுக்காக மரத்தை வெட்டி விரட்டினால் பயந்துபோன வவ்வால்கள் வேறு ஊருக்கு பரவும், ஆபத்து குறையாது.

ஒரு காலத்தில் எலி, காகத்தோடு சேர்த்து பழந்தின்னி வவ்வாலையும் தீங்கு செய்யும் பிராணிகள் பட்டியலில் வைத்திருந்தார்கள். வனவிலங்கு சட்டத்தில் 2022ல் கொண்டு வந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டுவிட்டது.