நிற்கத் தெரிந்த தொடர்வண்டி

நுழையும்முன்

தொடர்வண்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது அதன் ஓட்டமே. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சென்று சேர்வதையே அதன் பெருமையாகக் கருதுகிறோம். ஆனால், கடற்கரையை நோக்கிப் பெரும்புயல் வரும் வேளையில் அவ்வோட்டத்தை எப்போது நிறுத்துவது என்பதே முதன்மையான வினாவாகிவிடுகிறது. அவ்வினாவை வெவ்வேறு கரைகளில் வாழ்ந்த மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர், அதனால் பெற்றவை எவை, இழந்தவை எவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மூவகைத் தாக்குதல்

வெப்பமண்டலக் கடற்பரப்பில் தோன்றிச் சுழன்றடிக்கும் பெருங்காற்றை வங்கக்கடல் பகுதியில் புயல் என்கிறோம். அதனையே அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டிய நாடுகளில் ‘ஹரிகேன்’ எனவும், மேற்குப் பசிபிக் நாடுகளில் ‘டைஃபூன்’ எனவும் வழங்குவர். பெயர்கள் வேறாயினும் அது இருப்புப்பாதையைத் தாக்கும் முறை ஒன்றே.

முதலாவது தாக்குதல் காற்றினால் வருவது. தொடர்வண்டிப் பெட்டி உயரமானது. அதன் பக்கச்சுவர் நீண்டு அகன்றது. கட்டடங்களும் மரங்களும் சூழ்ந்த நிலத்தில் காற்றின் விசை ஓரளவு தடுக்கப்படும். கடற்பாலத்தின்மீதும் தூண்களின்மேல் அமைந்த உயர்பாதையின்மீதும் அத்தகைய மறைப்பு ஏதுமில்லை. மேலும், காற்று மரங்களை முறித்துத் தண்டவாளங்களின்மீதும் மின்கம்பிகளின்மீதும் வீழ்த்துகிறது.

இரண்டாவது தாக்குதல் மழையினால் வருவது. தண்டவாளத்தைத் தாங்கும் சல்லிக்கற்களையும் மண்மேட்டையும் வெள்ளம் அரித்துச் செல்கிறது. மேலிருந்து பார்ப்போருக்குத் தண்டவாளம் அசையாமல் கிடப்பதாகவே தோன்றும். அதன் அடியில் தாங்குவதற்கு மண் இராது.

மூன்றாவதும் மிகக் கொடியதுமான தாக்குதல் புயலலை ஆகும். காற்று கடல்நீரைத் திரட்டிக் கரையை நோக்கித் தள்ளுவதால் கடல்மட்டம் பல அடி உயர்ந்து நிலத்திற்குள் புகுகிறது. அவ்வேளையில் உயர் ஓதமும் சேர்ந்துகொண்டால் நீரின் உயரம் மேலும் கூடும். கடலோரப் பாதைகளும் நிலத்தடிச் சுரங்கவழிகளும் இதற்கு எளிதில் இரையாகின்றன.

காலந்தாழ்ந்து வந்த வண்டி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தின் தென்முனையில் சிறுசிறு தீவுகள் ஒரு தொடராக அமைந்துள்ளன. ஹென்றி ஃபிளாக்லர் என்னும் தொழிலதிபர் அத்தீவுகளைப் பாலங்களால் இணைத்து, கடலின்மீது இருப்புப்பாதை அமைத்தார். 1912ஆம் ஆண்டு அப்பாதை கடைசி நகரமாகிய கீ வெஸ்டைச் சென்றடைந்தது. அக்காலத்தில் அது பொறியியலின் அருஞ்செயலாகப் போற்றப்பட்டது.

1935ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அத்தீவுகளைக் கடும்புயல் ஒன்று நெருங்கியது. முதல் உலகப்போரில் பங்கேற்ற முன்னாள் படைவீரர்கள் பலர் அங்குச் சாலைப்பணிக்காகத் தங்கியிருந்தனர். அவர்களை மீட்டுவர மயாமி நகரிலிருந்து ஒரு தொடர்வண்டி அனுப்பப்பட்டது. அன்று தொழிலாளர் நாள் விடுமுறை. பணியாளர்களைத் திரட்டுவதற்கே நேரமாயிற்று. மாலை நான்கரை மணியளவில் புறப்பட்ட வண்டி, வழியிலும் தடைகளால் தாமதமுற்றது. இரவு எட்டு மணிக்குமேல் இஸ்லமொராடா என்னும் ஊரை அடைந்தபோது, புயலலையும் அவ்வூரை அடைந்துவிட்டது. கனமான நீராவி எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. பெட்டிகள் அனைத்தும் கவிழ்ந்தன. அப்புயலில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிதைந்த பாதை மீண்டும் அமைக்கப்படவேயில்லை. அதன் பாலங்களைப் பயன்படுத்தி உருவாக்கப்பட்ட நெடுஞ்சாலை 1938இல் திறக்கப்பட்டது.

அவ்வண்டி சில மணிநேரம் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் மீட்பு வண்டியாகவே விளங்கியிருக்கும். காலந்தாழ்ந்ததால் அதுவே மீட்கப்பட வேண்டியதாயிற்று.

தனுஷ்கோடி தந்த பாடம்

ஃபுளோரிடாவில் நிகழ்ந்ததைப் போன்றதொரு துயரைத் தமிழகக் கடற்கரையும் கண்டிருக்கிறது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகள் தொடர்வண்டி ஒன்று சென்றுகொண்டிருந்தது. தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில், வண்டி செல்லலாம் என்பதைத் தெரிவிக்கும் கைகாட்டி இயங்கவில்லை. சிறிது நேரம் காத்திருந்த ஓட்டுநர் வண்டியை முன்னே செலுத்தினார். பேரலை எழுந்து வண்டியை முழுவதுமாக மூழ்கடித்தது. அதில் பயணம் செய்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இருளில், தகவல்தொடர்பு அறுந்த நிலையில், கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் நின்ற அந்த ஓட்டுநருக்கு முன்னே செல்வதும் நிற்பதும் ஒன்றுபோல் இடர் மிகுந்தவையே. எனவே, அப்பிழையை அந்த இடத்தில் தேடுதல் கூடாது. புயல் வரும் இரவில் வண்டியைக் கரையின் விளிம்புவரை செல்லவிடாமல் தடுக்கும் ஏற்பாடு அன்று இல்லை என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

அப்புயல் பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களுள் பெரும்பாலானவற்றைக் கடலில் வீழ்த்தியது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழுவினர் 46 நாள்களில் அப்பாலத்தைச் சீரமைத்தனர். இராமேசுவரத்திற்கு வண்டி மீண்டும் ஓடியது, தனுஷ்கோடிக்கு ஓடவில்லை.

தெரிந்து தெளிவோம்

பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி பொருத்தப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தால் சிவப்பு விளக்கு தானே எரியுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. அப்போது வண்டிகள் பாலத்தில் நுழைய இயலாதிருந்தது. நிறுத்தி வைக்கப்பட்ட பெட்டிகளையும் காற்று உருட்டிச் செல்லக்கூடும். ஆகவே, 2020இல் அம்பன் புயல் வந்தபோது, ஹவுராவை அடுத்த சாலிமாரில் தொடர்வண்டிப் பெட்டிகளைச் சங்கிலியால் தண்டவாளத்தோடு பிணைத்து வைத்தனர்.

உரிய வேளையில் நின்ற நகரம்

நியூயார்க் நகரின் சுரங்கவழித் தொடர்வண்டிகள் 1904ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 470 நிலையங்களைக் கொண்ட அவ்வமைப்பை, 2012ஆம் ஆண்டளவில் வேலைநாள் ஒன்றில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்களுக்கு மக்கள் பயன்படுத்தினர். இரவுபகலாக இயங்குவது அதன் தனிச்சிறப்பு. அத்தகைய அமைப்பை நிறுத்துவது நகரின் நாடித்துடிப்பை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

2012 அக்டோபர் இறுதியில் ‘சாண்டி’ புயல் அந்நகரை நோக்கி வந்தது. வண்டிகளை நிறுத்தவேண்டும் என்பதில் ஐயம் இருக்கவில்லை. எப்போது என்பதே சிக்கலாக இருந்தது. அந்நகரின் குடும்பங்களுள் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குச் சொந்த மகிழுந்து கிடையாது. தாழ்வான பகுதிகளிலிருந்து அவர்கள் வெளியேறத் தொடர்வண்டியும் பேருந்துமே துணை. முன்கூட்டியே நிறுத்தினால் மக்கள் வெளியேற வழியின்றித் தவிப்பர். பிந்தி நிறுத்தினால் வண்டிகளும் பணியாளர்களும் வெள்ளத்தில் சிக்குவர்.

இதனை முன்பே ஆராய்ந்திருந்த அந்நகரப் போக்குவரத்து ஆணையம் இரண்டு அளவுகளை வகுத்திருந்தது. தொடர்ந்து வீசும் காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டும் என்று எதிர்பார்க்கப்பட்டால் திறந்தவெளிப் பாதைகளில் வண்டிகளை ஓட்டுதல் கூடாது என்பது ஒன்று. சுரங்கவழி அமைப்பு முழுவதையும் ஒழுங்காக நிறுத்தக் குறைந்தது எட்டு மணிநேரம் தேவை என்பது மற்றொன்று. வண்டி நிற்பதற்கு எட்டு மணிநேரமா என்று வியப்புத் தோன்றலாம். கடைசிப் பயணியை இறக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான பெட்டிகளை மேட்டுநிலத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். நடைபாதைகளில் உள்ள காற்றுத் துளைகளைப் பலகையாலும் மணல் மூட்டைகளாலும் அடைக்க வேண்டும். அதன்பின் பணியாளர்கள் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். இவற்றுக்கெல்லாம் சேர்த்தே அந்நேரம் கணக்கிடப்பட்டது.

அக்டோபர் 28ஆம் நாள் ஞாயிறன்று பகலில், தாழ்வான பகுதி மக்கள் வெளியேறுமாறு மாநகரத் தலைவர் ஆணையிட்டார். அன்று இரவு ஏழு மணிமுதல் சுரங்கவழி வண்டிகள் நிறுத்தப்படும் எனவும் அறிவிக்கப்பட்டது. மக்கள் வெளியேறுவதற்கான நேரமும் வண்டிகள் ஒதுங்குவதற்கான நேரமும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருந்தன. மறுநாள் இரவு புயல் கரையைத் தாக்கியது. முழுநிலவுக் காலத்து உயர் ஓதத்தோடு சேர்ந்த புயலலை, மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் தாழ் ஓத மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 14 அடி உயர்ந்தது. ஆற்றின் அடியில் செல்லும் சுரங்கங்கள் பலவற்றுள் கடல்நீர் புகுந்தது. அப்போது அச்சுரங்கங்களில் பயணிகள் வண்டி எதுவும் இல்லை.

அண்டை நிலத்தின் இழப்பு

ஆற்றுக்கு மறுகரையில் உள்ள நியூஜெர்சி மாநிலத்தின் தொடர்வண்டி நிறுவனமும் தன் வண்டிகளை உரிய காலத்தில் நிறுத்தியது. ஆனால், அவற்றுள் பலவற்றைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பணிமனையிலும் ஆற்றங்கரை நிலையத்திலும் நிறுத்தி வைத்திருந்தது. அந்தப் பணிமனையில் முன்னர் ஒருபோதும் வெள்ளம் புகுந்ததில்லை என்பதே அம்முடிவுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. இம்முறை வெள்ளம் புகுந்தது. எஞ்சின்களும் பெட்டிகளுமாக 300க்கும் மேற்பட்டவை சேதமுற்றன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை உடைய நியூயார்க் சுரங்கவழியோ மிகச் சிலவற்றையே இழந்தது.

ஒரே புயல், ஒரே இரவு, அருகருகே அமைந்த இரு நிறுவனங்கள். எப்போது நிறுத்துவது என்பதோடு, எங்கே நிறுத்துவது என்பதும் இன்றியமையாதது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. இதுவரை வராத வெள்ளம் இனியும் வராது என்று கருத இயலாது.

உப்பின் நெடும்பகை

சுரங்கவழிக்கு நீர் புதிதன்று. மழையில்லாத நாளிலும் நியூயார்க் சுரங்கவழியிலிருந்து ஏறத்தாழ ஐந்து கோடி லிட்டர் நிலத்தடி நீர் இறைத்து வெளியேற்றப்படுகிறது. ஆனால், கடல்நீர் வடிந்தபின்னும் உப்பை விட்டுச் செல்கிறது. அது மின்கம்பிகளிலும் இணைப்புகளிலும் படிந்து உலோகத்தை அரிக்கிறது, மின்கசிவையும் உண்டாக்குகிறது. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் பிழையின்றி எரிவது இக்கருவிகளைப் பொறுத்தது. ஆதலின், நீரை இறைத்தபின் ஒவ்வொரு கருவியையும் தூய்மை செய்து, ஆய்ந்து பார்த்த பின்னரே வண்டியை ஓட்ட இயலும்.

50 கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவில் கட்டப்பட்டு 2009இல் திறக்கப்பட்ட ‘சவுத் ஃபெரி’ நிலையம் கடல்நீரில் மூழ்கியது. அது மீண்டும் திறக்கப்பட்டது 2017இல்தான். இடைக்காலத்தில், கைவிடப்பட்டிருந்த பழைய நிலையத்தைத் திறந்து மக்களுக்குப் பணி செய்தனர். புரூக்ளினையும் மன்ஹாட்டனையும் இணைக்கும் கனார்சி சுரங்கம் சில நாள்களில் இயங்கத் தொடங்கியபோதிலும், உப்பினால் நேர்ந்த கேட்டைச் சீர்செய்யும் பெரும்பணி 2019, 2020ஆம் ஆண்டுகளில்தான் நடைபெற்றது.

இயன்ற அளவில் மீண்டெழுதல்

அனைத்தும் சீரான பின்னரே ஓட்டுவது என்று அந்நகரம் காத்திருக்கவில்லை. நவம்பர் 1ஆம் நாளே, நீர் புகாத பகுதிகளில் வண்டிகள் ஓடத் தொடங்கின. சுரங்கங்கள் மூழ்கிக் கிடந்த இடத்தில், புரூக்ளினிலிருந்து பாலங்களின் வழியாக மன்ஹாட்டனுக்குப் பேருந்துகள் வரிசையாகச் சென்றன. அவ்வரிசையைப் ‘பேருந்துப் பாலம்’ என்றே அழைத்தனர். ராக்கவே தீபகற்பத்திற்குச் செல்லும் கடலோரப் பாதை அரித்துச் செல்லப்பட்டிருந்தது. அங்குத் துண்டிக்கப்பட்ட மக்களுக்காக 20 பெட்டிகளைச் சாலைவழியே சுமையுந்துகளில் ஏற்றிச் சென்று, எஞ்சிய தண்டவாளத்தில் கட்டணமின்றி ஓட்டினர். அறுந்த பாதை 2013 மே இறுதியில் மீண்டும் இணைக்கப்பட்டது.

பின்னர் நிலைய வாயில்களில் வெள்ளத்தடுப்புக் கதவுகளும், தேவையானபோது விரித்து மூடத்தக்க வலிய திரைகளும் அமைக்கப்பட்டன. காற்றுத் துளைகளை மூடும் பொறிகள் பொருத்தப்பட்டன. பணிமனைகளைச் சுற்றித் தடுப்புச் சுவர்கள் எழுந்தன.

நிற்பதும் பணியே

புயலைத் தடுக்கும் ஆற்றல் எந்தத் தொடர்வண்டித் துறைக்கும் இல்லை. புயல் வருமுன் மக்களை வெளியேற்றுவதும், உரிய வேளையில் ஓட்டத்தை நிறுத்துவதும், வண்டிகளை மேடான இடத்தில் சேர்ப்பதும், ஆய்ந்து பார்த்தபின் இயன்ற பாதையிலிருந்து பணியைத் தொடங்குவதும் அதன் கையில் உள்ளவை. முன்னெச்சரிக்கையாக நிறுத்திய வண்டியைப் பலர் குறைகூறுவர். சில வேளைகளில் புயல் திசைமாறிப் போனால், வீணாக நிறுத்தினர் என்றும் பேசுவர். அச்சொற்களைத் தாங்கிக்கொள்வதும் பொதுப்பணியின் ஒரு பகுதியே. நிறுத்தியதால் இழப்பது ஒரு நாள் பயணம். நிறுத்தத் தவறினால் இழப்பது எதுவென்பதை இஸ்லமொராடாவும் தனுஷ்கோடியும் நமக்குச் சொல்லியிருக்கின்றன. அடுத்தமுறை புயல் எச்சரிக்கையால் நம் வண்டி நீக்கப்பட்டது என்னும் அறிவிப்பைக் கேட்கும்போது, நம்மைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அத்துறை வேறொரு வகையில் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் உணரவேண்டும்.