டிராக்டர் பிரேக்கும் தூசிக் காப்பும்

சேற்றுழவு முடித்துக் கரையேறிய டிராக்டர், மறுநாளே உர மூட்டைகள் ஏற்றிய டிரெய்லருடன் சாலைக்கு வந்துவிடுகிறது. பெடலை மிதித்தால் ஒரு பக்கச் சக்கரம் பிடிக்கிறது. மறுபக்கச் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகிறது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. சேறும் தூசியும் பிரேக்குக்குள் புகுந்ததே காரணம் என்று கருதி, தகரத்தை வெட்டி மறைப்பு கட்டிவிடும் உழவர்கள் உண்டு. இத்தகைய காப்பினால் பிரேக்கின் தேய்மானம் குறையுமா என்பதைத் தெரிந்துகொள்வது, வீண் செலவையும் விபத்தையும் தவிர்க்க உதவும்.

தூசி எங்கிருந்து வருகிறது?

ஓடும் வண்டியின் வேகத்தை உராய்வினால் வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை. இந்த உராய்வில் லைனிங்கும், அது அழுத்துகின்ற வார்ப்பிரும்பும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. கார் சக்கரங்களில் படியும் கரும்பழுப்புத் தூள் பெரும்பாலும் இவ்வாறு தேய்ந்து உதிர்ந்ததே ஆகும். இது தேய்மானத்தின் விளைவு. இதை மறைப்பு போட்டுத் தடுக்க இயலாது.

வெளியிலிருந்து புகும் மணலும் சேறும் வேறு வகை. மணல் துகள் லைனிங்குக்கும் இரும்புக்கும் இடையே அகப்பட்டால், உப்புத்தாள் கொண்டு தேய்த்ததுபோல் இரண்டிலும் கோடுகள் விழும். ஆகவே வெளியிலிருந்து வரும் மணலையும் நீரையும் தடுக்கும் காப்பு பயன் தரும். உள்ளே உண்டாகும் தூளையும் வெப்பத்தையும் அடைத்து வைக்கும் காப்பு தீமையே செய்யும்.

கார், வேன்களில்

டிஸ்க் பிரேக் உள்ள கார், வேன்களில் டிஸ்க்கின் உட்புறம் மெல்லிய தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சாலையிலிருந்து தெறிக்கும் நீரும் சரளையும் டிஸ்க்கின் மேல் படாமல் காப்பதே இதன் வேலை. இது வளைந்து டிஸ்க்கில் உரசிச் சத்தம் போட்டால், கழற்றி எறிந்துவிடாமல் நிமிர்த்திப் பொருத்த வேண்டும். மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இத்தகடு மிகவும் தேவை.

சக்கரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வைக்கும் தகடு இதிலிருந்து வேறானது. சக்கரத்தில் கருந்தூள் படியாமல் பளபளப்பாக இருப்பதற்காக வெளிநாடுகளில் அலாய் சக்கரக் கார்களுக்கு இது விற்கப்பட்டது. இது டிஸ்க்கைக் குளிர்விக்கும் காற்றோட்டத்தைத் தடுக்கிறது. வெப்பம் மிகுந்தால் பேட் விரைவில் தேயும், பிடிப்பும் குறையும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின் அதற்கு விதிக்கப்பட்ட அளவு 140 டிகிரி மட்டுமே. ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரை வரை அமிழும்; வண்டி நிற்காது. எனவே இத்தகடு சக்கரத்தின் அழகைக் காக்குமேயன்றிப் பிரேக்கைக் காக்காது.

டிராக்டரில் இருவகை

டிராக்டர்களில் உலர் பிரேக், எண்ணெயில் மூழ்கிய பிரேக் என இருவகை உண்டு. பழைய டிராக்டர்கள் பலவற்றில் உள்ள உலர் டிஸ்க் வகையில், இரண்டு அழுத்தத் தகடுகளுக்கு இடையே எஃகுக் குண்டுகள் உள்ளன. பெடலை மிதிக்கும்போது குண்டுகள் சரிவான குழிகளில் ஏறித் தகடுகளை விலக்கி, லைனிங் டிஸ்க்குகளை இருபுறமும் அழுத்துகின்றன. சேற்று நீர் புகுந்து குண்டுகளும் குழிகளும் துருப்பிடித்தால், காலை எடுத்த பின்னும் பிரேக் முழுதும் விடாது. லைனிங் உரசிக்கொண்டே இருந்து சூடேறித் தேயும். டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

இவ்வகைக்குத் தகர மறைப்பைவிட முக்கியமானது, பிரேக் கம்பி உள்ளே செல்லும் இடத்திலுள்ள ரப்பர் உறை. அது கிழிந்திருந்தால் சேற்றுழவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். உட்புற ஆயில் சீலையும் கவனித்தல் அவசியம். அது கசிந்தால் லைனிங்கில் எண்ணெய் ஊறி, அந்தப் பக்கத்துப் பிரேக் பிடிக்காமல் போகும். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்தாமல் மாற்றுவதே நலம்.

எண்ணெயில் மூழ்கிய பிரேக்கில் டிஸ்க்குகள் மூடிய அறைக்குள் எண்ணெயில் சுழல்கின்றன. சேறு எளிதில் புகாது. வெப்பத்தை எண்ணெய் எடுத்துச் செல்கிறது. இதற்குத் தனிக் காப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தால் நீர் கலந்துள்ளது என்று அறிந்து, நீர் புகும் வழியைச் சரிசெய்து எண்ணெயை மாற்ற வேண்டும். கையேட்டில் சொல்லப்பட்ட வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

செலவில்லாத காப்பு

தேய்மானத்தைப் பெரிதும் கூட்டுவது ஓட்டும் முறையே. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோ மீட்டரில் செல்லும் வண்டியை நிறுத்துவதைவிட, 30 கிலோ மீட்டரில் செல்லும் அதே வண்டியை நிறுத்த நான்கு மடங்கு உழைப்பு வேண்டும். தனிப் பிரேக் இல்லாத டிரெய்லரின் பாரமும் டிராக்டரின் பிரேக்கையே சேரும். இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல், இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற்றிக்கொண்டால் என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பெடலின் மேல் காலை வைத்தபடி ஓட்டும் பழக்கத்தை விட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. சேற்றுழவு முடிந்ததும் பிரேக் உறையின் மேலுள்ள சேறு காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும். ரப்பர் உறையின் மேல் நேராக வேகமாக நீரைப் பீய்ச்சக் கூடாது.

2. உலர் பிரேக் நனைந்திருந்தால், சாலைக்கு வருமுன் மெதுவாக ஓட்டியபடி பலமுறை இலேசாக மிதித்து உலர்த்த வேண்டும்.

3. வயலில் திரும்புவதற்காகப் பிரித்த இடது, வலது பெடல்களைச் சாலைக்கு வருமுன் தாழிட்டு இணைக்க வேண்டும்.

4. ஆளில்லாத சமதள மண் தரையில் மெதுவாக ஓட்டிப் பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். இரு பின் சக்கரங்களின் தடமும் ஒரே அளவில் இருந்தால் பிரேக் சமமாக உள்ளது. வேறுபட்டால் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பிறகே டிரெய்லரைப் பூட்ட வேண்டும்.

5. பிரேக்கைத் திறக்கும்போது தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

பாரம் ஏற்றிய டிராக்டரில் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி கவிழவும் கூடும். எனவே தகர மறைப்புக்குச் செலவிடும் பணத்தை ரப்பர் உறைக்கும் ஆயில் சீலுக்கும் செலவிட்டு, சாலைக்கு வருமுன் ஒருமுறை பெடலைச் சோதித்துப் பார்த்தல் உழவர்களுக்கு நலம் பயக்கும்.