குரல்வளையில் ஓர் அபூர்வக் கட்டி

1924 ஜூன் 4. எவரெஸ்ட்டில் சுமார் 28,000 அடி வரை ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல்லுக்குத் திடீரென மூச்சடைத்தது. கடுங்குளிரில் கெட்டுப்போன குரல்வளையின் உட்சவ்வு உரிந்து வழியை அடைத்திருந்தது. நெஞ்சை இரு கைகளாலும் அழுத்தி இருமியதும் அது வெளியே வந்தது, உயிர் மிஞ்சியது. நம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் அறுவைசிகிச்சை செய்தவர் இவர்தான்.

ஒரு சவ்வே அடைத்துவிடும் அளவு குறுகலான குரல்வளையில் வரும் புற்றுகளில் பெரும்பாலானவை உட்சவ்வின் மேலடுக்கில் தொடங்குபவை. புகையும் குடியும் முக்கியக் காரணங்கள். மிக அரிதாக, பிளாஸ்மா செல்களிலிருந்தும் கட்டி எழும். கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் சுரப்பவை இந்தச் செல்கள். எலும்பு மஜ்ஜைக்கு வெளியே அவை ஒரே கட்டியாகத் திரண்டு வருபவற்றில் ஐந்தில் நான்கு தலை, கழுத்துப் பகுதியில்தான் வருகின்றன. அவற்றிலும் மூக்கும் சைனஸும்தான் அதிகம், குரல்வளை அபூர்வம்.

குரல்வளையில் கட்டி வந்தால் குரல் கம்மும். ஆனால் குரல் கம்மினால் நாம் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிக் குடிப்போம். குடிக்கலாம். இருந்தாலும் மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ ஸ்கோப் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

பிளாஸ்மா செல் கட்டி ஸ்கோப்பில் பெரும்பாலும் புண்ணில்லாமல், சிவந்து வழவழவென்று தெரியும். சவ்வுக்கு அடியில் வளர்வதால், மேலாகக் கிள்ளி எடுத்த சதையில் சிக்காமல் போகலாம். ஆழமாக எடுக்கவேண்டும். எடுத்த சதையில் பிளாஸ்மா செல்கள் குவிந்திருந்தாலும் அது புற்று என்று சொல்லிவிட முடியாது. நாள்பட்ட அழற்சியிலும் அவை கூடும்.

இங்கேதான், செல்லுக்குள் இருக்கும் புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் சோதனை கைகொடுக்கிறது. ஒவ்வொரு பிளாஸ்மா செல்லும் தான் செய்யும் ஆன்டிபாடியில் கப்பா, லாம்டா என்னும் இரு புரதச் சங்கிலிகளில் ஒன்றை மட்டுமே சேர்க்கும். அழற்சியில் இரு வகைச் செல்களும் கலந்திருக்கும். பொதுவாகக் கப்பா இரண்டு பங்கு, லாம்டா ஒரு பங்கு. ஒரே செல்லிலிருந்து பெருகிய கட்டியிலோ ஏறக்குறைய எல்லாச் செல்லும் ஒரே வகை. இத்தனை தெளிவாகச் சாட்சி சொல்லும் சோதனைகள் நோயியலில் அதிகமில்லை.

அதோடு முடிவதில்லை. இதே செல்களின் புற்றான மல்டிபிள் மைலோமா உடலெங்கும் பரவியிருக்கிறதா என்று மஜ்ஜை, ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். கட்டி தனியானது என்றால் பெரும்பாலும் 40 முதல் 50 கிரே அளவு கதிர்வீச்சே போதும்; குரல்வளையை எடுக்கும் நிலை அரிது. நோயின் பெயரைச் சரியாகக் கண்டறிவதில்தான் ஒருவரின் குரல் தங்கியிருக்கிறது.

சிலருக்குப் பல ஆண்டு கழித்தும் மைலோமா வரும். ஆகவே தொடர் பரிசோதனையை விடக்கூடாது. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டோடு சதையின் ஸ்லைடுகளையும் மெழுகுப் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். சந்தேகம் வந்தால் அதே சதையில் மறுபடி சாயமேற்றிப் பார்க்கலாம்.