வீட்டில் தெள்ளுப்பூச்சி: முயல், பறவை, மீன் வளர்ப்போர் அறிய வேண்டியவை

கணுக்காலைச் சுற்றி இரண்டு மூன்றாக அடுத்தடுத்துத் தோன்றும் சிவந்த தடிப்புகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு புள்ளி, இரவில் கூடும் அரிப்பு. இவற்றுடன் வருவோர் பெரும்பாலும் வேர்க்குரு என்றோ கொசுக்கடி என்றோ எண்ணியே வருகின்றனர். வீட்டில் நாய், பூனை, முயல் உண்டா, எலி நடமாட்டம் உண்டா என்று கேட்ட பின்னரே தெள்ளுப்பூச்சி பற்றிய பேச்சு எழுகிறது.

இராசபாளையம் நாய்க்குப் பெயர்பெற்ற விருதுநகர் மாவட்டத்திற்கு வளர்ப்புப் பிராணிகள் புதியவை அல்ல. ஆனால் இன்று சிவகாசியிலும் சாத்தூரிலும் சிறிய வீடுகளில்கூட நாயோடு லவ் பேர்ட்ஸ் கூண்டு, தங்கமீன் தொட்டி, முயல், ஹாம்ஸ்டர், சில இடங்களில் இக்குவானா ஆகியவை ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நாய்க்கு நன்மை தரும் மருந்து முயலைக் கொல்லக்கூடும். அறையில் அடிக்கும் தெளிப்பான் மீன்தொட்டியை ஒரே இரவில் காலியாக்கிவிடும். பட்டாசு, தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர்களில் தீவிபத்து அச்சமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

தெள்ளுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

உண்ணி தோலில் கடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையானது, பழுப்பு நிறமுடையது, முடிகளுக்கிடையே விரைந்து ஓடும், தாவும், இறக்கை கிடையாது. பிராணியை வெள்ளைத் துணியின்மேல் நிறுத்தி நெருங்கிய பற்கள் உடைய சீப்பால் வாரினால் மிளகுத்தூள் போன்ற கரும்பொடி விழும். அதன்மேல் ஈரப் பஞ்சை ஒற்றுங்கள். பஞ்சு செம்பழுப்பாக மாறினால் அது செரித்த இரத்தம் கலந்த தெள்ளின் எச்சம். இராசபாளையம் நாயின் வெண்ணிறக் குட்டை முடியில் இதைக் காண்பது எளிது.

நாய்களுக்கும் பூனைகளுக்கும் வரும் தெள்ளு பறவைகள், பல்லியினம், ஆமை ஆகியவற்றின் உடலில் தங்கி வாழ்வதில்லை. ஆகவே இப்பிராணிகளுக்குத் தெள்ளு மருந்து போடவே வேண்டாம். போடுவதால் தீங்கு மட்டுமே விளையும்.

பெரும்பகுதி தரையில் இருக்கிறது

பிராணியின் உடலில் நீங்கள் காணும் தெள்ளுகள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். அவை முடியில் ஒட்டாமல் உதிர்ந்து பாயின் மடிப்பு, சாக்கு, கட்டிலின் அடி, சிமெண்டுத் தரையின் வெடிப்பு ஆகிய இடங்களில் சேரும். முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூட்டுப்புழு, பிறகு தெள்ளு என இரண்டு மூன்று வாரங்களில் சுற்று முடியும். கூட்டுப்புழுவோ பல மாதங்கள் காத்திருக்கவும் வல்லது; பூச்சிமருந்து அதன் கூட்டுக்குள் எளிதில் புகாது. மருந்து அடித்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் தெள்ளு தோன்றுவதன் காரணம் இதுவே. மருந்து போலியானது என்று கருதி இருமடங்கு அடிப்பது தவறு.

புழுக்களுக்கு ஈரப்பதமும் நிழலும் தேவை. நம் மாவட்டத்தின் உச்சிவெயில் இவ்வகையில் செலவில்லாத மருந்து எனலாம். பாய், சாக்கு, பிராணியின் படுக்கைத் துணி ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து, வாரம் இருமுறையேனும் நாள் முழுவதும் வெயிலில் விரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இது கைகூடாது; அப்போது பழந்துணிகளை அகற்றிவிடுவதே நல்லது. தரையை நாள்தோறும் கூட்டி, வெடிப்புகளைச் சோப்புநீரால் தேய்த்துக் கழுவுங்கள். கூட்டிய குப்பையைச் சோப்புநீரில் அமிழ்த்திய பின் வெளியேற்றுங்கள், கொளுத்த வேண்டாம். தரை வெடிப்புகளைச் சிமெண்டால் பூசிவிடுவது பத்துத் தெளிப்பான்களுக்குச் சமம் என்பது என் கருத்து. இந்தப் பணி மூன்று மாதம் தொடர வேண்டும்.

ஒவ்வொரு பிராணிக்கும் தனி விதி

ஒரே வீட்டில் உள்ள நாய், பூனை, முயல் எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை தேவை. ஆனால் ஒரே மருந்து கூடாது. பிராணியின் வகை, வயது, எடை ஆகியவற்றைச் சொல்லி அரசு கால்நடை மருந்தகத்தில் மருந்தும் அளவும் எழுதி வாங்குங்கள்.

நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனையின் உடல் சிதைத்து வெளியேற்ற இயலாது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும். மருந்து பூசிய நாயுடன் பூனை ஒட்டிப் படுத்தாலும் இந்த ஆபத்து உண்டு. பூசிய இடம் உலரும்வரை பிரித்து வையுங்கள். நாய்களுக்குப் பரவலாக வழங்கப்படும் ஃபிப்ரோனில் முயலுக்கு அறவே ஆகாது. ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு நஞ்சு. உண்ணிக்கெனக் கடைகளில் கிடைக்கும் அமிட்ராஸ் திரவம் தெள்ளை ஒழிப்பதில்லை. அதைக் குழந்தை விழுங்கினால் மயக்கமும் நாடித்துடிப்புக் குறைவும் ஏற்படும்.

வீட்டுக்குள் மருந்து தெளிக்கும் நிலை வந்தால் பறவைக் கூண்டு, முயல் பெட்டி, பல்லியின் கண்ணாடிப் பெட்டி அனைத்தையும் முன்னதாகவே வெளியேற்றுங்கள். பறவையின் நுரையீரலுடன் காற்றுப்பைகள் இணைந்திருப்பதால் மனிதர் உணராத அளவு நெடிகூட அதற்குக் கேடாகும். மீன்தொட்டியை நகர்த்த இயலாவிட்டால் ஈரத்துணியால் இறுக மூடி, காற்றுப் பம்பை நிறுத்துங்கள். பலர் மூடிவிட்டுப் பம்பை ஓடவிடுகின்றனர். அறைக் காற்றிலுள்ள மருந்தை அதுவே இழுத்துத் தண்ணீரில் கலந்துவிடும். தரை உலர்ந்து அறை நன்கு காற்றோட்டம் பெற்ற பின்னரே பிராணிகளையும் குழந்தைகளையும் உள்ளே விடுங்கள். ஆஸ்துமா உள்ளவரும் கர்ப்பிணியும் தெளிக்கும் பணியைச் செய்ய வேண்டாம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

கந்தகத்தைக் கொளுத்திப் புகைபோடுவது பழைய வழக்கம். அது தரும் கந்தக டை ஆக்சைடு மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். கூண்டுப் பறவையோ தப்பிக்கவே இயலாது. கந்தகத்தூளைத் தரையில் தூவுவதும் ஆபத்தே. பொட்டாசியம் குளோரேட்டுடன் கந்தகம் சேர்ந்தால் உராய்வினாலேயே தீப்பற்றும் என்பதால் அக்கலவை பட்டாசுத் தயாரிப்பில் 1992 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. தீப்பெட்டி மருந்தில் குளோரேட் உண்டு. வேலையிடத்து ஆடையில் ஒட்டிய தூளும் வீட்டுத் தரையில் தூவிய கந்தகமும் ஓரிடத்தில் சந்திக்க இடம் கொடுக்காதீர்கள்.

பூச்சித் தெளிப்பான் டப்பாக்களில் உள்ள வாயு எரியக்கூடியது. அடுப்பு, பூசை விளக்கு, ஊதுவத்தி எல்லாவற்றையும் அணைத்த பிறகே தெளிக்க வேண்டும். தீப்பெட்டிக் கட்டு, பட்டாசுக் குழாய்க்கான காகிதம் முதலிய வேலைப்பொருள் இருக்கும் அறையில் தெளிக்கவே கூடாது. மண்ணெண்ணெயால் தரை துடைப்பதும் அவ்வாறே.

பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வாங்கிய பூச்சிக்கொல்லியில் மிச்சமிருப்பதை நாயின்மீது தடவுவது எல்லாவற்றிலும் மோசமானது. அது தடவுபவரின் தோல் வழியாகவும் உடலுக்குள் ஏறும். கற்பூரம், நாப்தலின் உருண்டை ஆகியவையும் மாற்று ஆகா. கற்பூரத்தைக் கடித்து விழுங்கும் குழந்தைக்கு வலிப்பு வரும்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்

கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி, குளிர்ந்த துணி ஒற்றி, நகங்களைக் குறைத்தாலே பெரும்பாலோர்க்குப் போதும். சொறிந்த இடம் சீழ்பிடித்தால் வாருங்கள். காய்ச்சல், கடுந்தலைவலி, உடலில் தடிப்பு ஆகியவை சேர்ந்து வந்தால், வீட்டில் எலியும் தெள்ளும் உண்டு என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எலித்தெள்ளால் பரவும் டைபஸ் காய்ச்சலை அந்த ஒரு தகவலே நினைவூட்டும். உரிய மாத்திரை தொடங்கினால் அது நன்றாகவே கட்டுப்படும். குழந்தையின் மலத்தில் அரிசி போன்ற அசையும் துண்டுகள் தெரிந்தால், தெள்ளை விழுங்கியதால் வந்த நாடாப்புழுவாக இருக்கலாம். எலிகள் காரணமின்றிக் கூட்டமாக இறந்து கிடந்தால் கையால் தொடாதீர்கள். இறந்த எலியை விட்டுத் தெள்ளு மனிதரிடம் தாவும். கொள்ளைநோய் பரவும் வழியும் அதுவே. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

மருந்து உடலில் பட்டால் ஆடையைக் களைந்து சோப்புநீரால் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். எச்சில் ஒழுகுதல், கடும் வியர்வை, தசைத்துடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். பிராணிக்கு இத்தகைய அறிகுறிகள் வந்தால் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தி உதவும். எங்கு சென்றாலும் மருந்துப் புட்டியையோ அதன் அட்டையையோ கையோடு கொண்டு வாருங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் முறிமருந்து உண்டா, இல்லையா என்பதை முடிவு செய்ய இயலும்.