வைரம் கிழடாகாது, ரப்பர் கிழடாகும்

ஐம்பது வருஷப் பழைய இசைத்தட்டுக் கார்ட்ரிட்ஜை "பெட்டியே பிரிக்கலை சார்" என்று யாராவது விற்றால், புதுசு என்று நம்பிவிடாதீர்கள். அதில் எது கெடும், எது கெடாது என்று பிரித்துப் பார்க்கணும்.

1973-ல் வந்த ஷூர் வி15 டைப் 3-ஐ எடுத்துக்கொள்வோம். இது மூவிங் மேக்னெட் வகை. காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் பத்திரமாக வைத்தால் பல பத்தாண்டு தாங்கும். முள்ளின் வைர நுனி ஓடினால்தான் தேயும்; சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது.

சிக்கல் ஒரு சின்ன ரப்பர் துண்டில். வைரத்தைத் தாங்கும் மெல்லிய குழாய் அதைப் பற்றிக்கொண்டுதான் அசைகிறது. அந்த ரப்பர் ஓடாமலே கிழடாகும். சிலதில் இறுகும், சிலதில் பிசுபிசுத்துத் தளரும்.

தளர்ந்தால் கார்ட்ரிட்ஜின் அடிப்பாகம் தட்டில் உரசும். உடனே தெரிந்துவிடும். இறுகியதுதான் ஆபத்து. பள்ளத்தின் நெளிவுகளை முள்ளால் தொடர முடியாது. பாட்டில் 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் கரகரக்கும். அதைச் சகித்துக்கொண்டு ஓட்டினால் முள் பள்ளத்துச் சுவரைச் சுரண்டும். முள்ளை மாற்றலாம், தட்டில் போனது போனதுதான்.

ஷூர் 2018-ல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனால் இந்த மாடலில் முள் பகுதியைத் தனியாக உருவலாம்; ரப்பரும் அதோடு வந்துவிடும். மற்ற நிறுவனங்களின் மாற்று முள் பொருந்தும். மூவிங் காயில் வகையில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது.

ஆக, உடலைப் பழசாக வாங்கலாம். முள்ளை மட்டும் சமீபத்தில் செய்ததாகப் பார்த்து வாங்குங்க.