கவுனி அரிசியின் பூர்வீகம்

செட்டிநாட்டுத் திருமண விருந்துகளில் கருஞ்சிவப்பு நிறத்தில் ஓர் இனிப்பு பரிமாறப்படுவதுண்டு. கவுனி அரிசி என்பது அதன் பெயர். அரிசியை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரிலேயே குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய், ஏலப்பொடி சேர்த்துக் கிளறுவர். காரைக்குடி வட்டாரத்தின் அடையாளமாகவே இது மாறிவிட்டது.

இவ்வரிசியின் பிறப்பைக் குறித்து ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. சீனப் பேரரசர் மட்டுமே உண்ணத்தக்கதாக இருந்ததாம். குடிமக்கள் உண்டால் தண்டனையாம். ‘தடை செய்யப்பட்ட அரிசி’ என்ற பெயரும் அதனால்தான் வந்ததாம்.

இனிப்புகளின் பிறப்புக்கதைகள் பெரும்பாலும் ஓர் அரசனையோ ஒரு போரையோ தேடிச் செல்கின்றன. 1683இல் உஸ்மானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றபோது, அவ்வெற்றியைக் கொண்டாட அந்நகர ரொட்டிக்காரர்கள் பிறை வடிவப் பண்டம் செய்தனர் என்றும், அதுவே இன்றைய குரோசான் என்றும் கூறுவர். ஆனால் முற்றுகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவ்வடிவ ரொட்டி ஆஸ்திரியாவில் வழக்கில் இருந்தது. அதைப் பாரிஸில் பரப்பியது 1830களின் இறுதியில் அங்கே திறக்கப்பட்ட ஒரு வியன்னாக் கடை. இனிப்புக்குள்ளும் பகையைப் பொதிந்து வைக்கக் கதைகளால் முடியும் என்பதற்கு இது சான்று.

அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பின்னரே ஒரு செய்தியை ஏற்பது நம் அறிவு மரபு. அவ்வளவுகோலைக் கவுனி அரிசிக் கதைக்கும் வைத்துப் பார்க்கலாம். ‘தடை செய்யப்பட்ட அரிசி’ என்ற பெயர் உலகச் சந்தையில் பரவியது, 1990களில் ஓர் அமெரிக்க நிறுவனம் அதை வணிகப் பெயராக்கி விற்கத் தொடங்கிய பிறகே. மேலும், கரிய ஒட்டரிசி தென்கிழக்காசியாவில் எளிய மக்களின் உணவு. பர்மியர் அதை ஆவியில் அவித்துத் தேங்காயும் எள்ளும் தூவிக் காலையில் உண்பர். மலாய் மக்கள் ‘புலுட் ஹித்தாம்’ என்று கஞ்சியாக்கித் தேங்காய்ப்பால் ஊற்றி உண்பர்.

சொல்லே இங்கு நல்ல சாட்சியாகிறது. பர்மிய மொழியில் ஒட்டரிசிக்குப் பெயர் ‘கௌக்ஞின்’. நம் ‘கவுனி’ ஒலியிலும் பொருளிலும் அதனை நெருங்கி நிற்கிறது. நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த அரிசி இது என்ற செட்டிநாட்டு வாய்மொழி வழக்குக்கும் அது பொருந்துகிறது. கடலோர முஸ்லிம் இல்லங்களின் வட்டிலப்பத்தையும் இவ்வாறே அணுகலாம். பெயர் ‘வட்டில் அப்பம்’ எனத் தமிழாகப் பிரிகிறது. முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் கலந்து அவிக்கும் செய்முறையோ மலாய் மக்களின் ‘செரிகாயா’வை நினைவூட்டுகிறது. ஈழத்து முஸ்லிம்களிடமும் பெருநாள் இனிப்பு அதுவே.

பர்மாவிலிருந்து வந்தது அரிசி மட்டுமன்று. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் அங்கிருந்தே வந்தன. 19ஆம் நூற்றாண்டில் கீழ்ப் பர்மாவின் ஐராவதிச் சமவெளி நெல்வயலாக மாறியபோது, விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தோரில் நகரத்தார் முதன்மையானவர்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தது. அடகு நிலங்கள் கைமாறின. நெல் விளையும் 13 முதன்மை மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் 1930இல் சுமார் 6 விழுக்காடு அவர்களிடம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடாயிற்று. 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். வழியிலேயே மாண்டோர் பலர். பின்னர் 1948ஆம் ஆண்டின் நிலத் தேசியமயச் சட்டமும், 1960களில் இராணுவ ஆட்சியின் நடவடிக்கைகளும் எஞ்சிய உறவையும் அறுத்தன. சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கும் அவ்விழப்பில் பங்குண்டு. இரங்கூனில் அவர்கள் பெயரால் நிற்கும் பள்ளிவாசல் அவர்கள் அங்கு வாழ்ந்ததற்குச் சான்று.

பேரரசர் கதை கேட்க இனிமையானது. ஆனால் அதை நம்பினால், நிலத்தை இழந்த பர்மிய விவசாயியும், நாடு திரும்பும் வழியில் உயிர்விட்ட தமிழரும் நம் நினைவிலிருந்து மறைந்துபோவர். நிலமும் வட்டிக்கடையும் போயின. வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்தில் அரிசி மட்டும் நிலைத்தது. கவுனி அரிசிக்கு அரச பரம்பரை தேவையில்லை. அதன் மெய்யான வரலாறே போதுமானது.